பத்தில் ஒன்று

மைக்கை என் கையில் கொடுத்ததுமே கூட்டம் சிரிக்கத் தொடங்கிவிட்டது.

பக்கத்தில் சவப்பெட்டி இருக்கிறது. குழி செம்மண்ணோடு திறந்து கிடக்கிறது. ஆனாலும் சிரித்தார்கள். என் ராசி அப்படி.

முப்பத்தைந்து வருடம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில் ஓர் அங்குலம் பிசகியதில்லை. அந்த நஷ்டத்தை ஊருக்குள் பேச்சில் ஈடுகட்டிக்கொண்டேன். நான் எந்த எண்ணைச் சொன்னாலும் பத்தால் வகுத்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். நூறடிப் பாம்பு என்றால் பத்தடி. எனக்கு அதில் வருத்தமில்லை. வகுத்த பிறகும் பத்தடிப் பாம்பு மிஞ்சுகிறதே!

“பத்துலொண்ணு தாத்தா, இன்னிக்குப் போர்க் கதையில எத்தனை பேரைச் சுடப்போறீங்க?” பந்தல் ஓரத்திலிருந்து எவனோ கத்தினான்.

“நாலாயிரம்டா. உன்னைச் சேர்க்காம.”

விதவை உகோயேகூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள்.

பெட்டிக்குள் இருந்தவன் ஒனுவோரா. நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோக நாங்கள் நடத்திய பியாஃப்ரா போரில் என் பக்கத்தில் நின்றவன். எழுபத்தெட்டு வயதில் போய்விட்டான். அவனுடைய பதினொரு பிள்ளைகளும் ஒரே நிறத் துணியில் உடுப்பு தைத்துப் போட்டுக்கொண்டு குழியைச் சுற்றி நின்றார்கள்.

கால் உடைந்த என்னை அவன் முந்நூறு மைல் தூக்கி வந்த கதையில் ஆரம்பித்தேன்.

“முப்பது!” என்றது கூட்டம்.

ஒனிட்சாவில் அவ்வளவு பெரிய பாலம் இருக்க, மகள் கல்யாணத்துக்கு அவன் நீர்யானை மேல் ஏறி நைஜர் ஆற்றைக் கடந்த கதையைச் சொன்னேன்.

“தோணி!” என்றது கூட்டம்.

பாலம் என்றாலே அவனுக்கு ஆகாது. ஓடைப் பாலமானாலும் துணியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிடுவான்.

பிறகு பிள்ளைகளை எண்ணும் கதை.

பொழுது சாயும்போது வாசலில் நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவான். பதினொன்று ஆன பிறகும் நிறுத்த மாட்டான். ஆட்டுத் தலை, கோழித் தலை என்று தொட்டுக்கொண்டே போய் நாற்பத்துமூன்றில்தான் நிறுத்துவான். அதற்குப் பிறகுதான் வீட்டில் சாப்பாடு. கழிச்சலில் கோழிகள் செத்த வருடம் பக்கத்து வீட்டிலிருந்து ஆடுகளை இரவல் வாங்கினான். பிள்ளைகள் லாகோஸ், லண்டன் என்று போன பிறகு பதினொரு பேருக்கும் போன் போட்டுவிட்டு மீதிக்கு ஆடு கோழி தேடினான்.

பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இந்த எண்ணை மட்டும் யாரும் வகுக்கவில்லை. அது அவர்கள் வீட்டு எண்.

அங்கேயே நான் வாயைக் கட்டியிருக்க வேண்டும்.

போன மாதம் படுக்கையில் கிடந்தவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “இதை வாயிலயே வச்சிக்கிட்டு மண்ணுக்குள்ள போக முடியாதுடா. புள்ளைங்களுக்குத் தெரிஞ்சாலும் தாங்காதுங்க. நீ சொல்லிடு. நீ சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்.”

போருக்குப் பிறகு ஐம்பத்தாறு வருடமாக நான் சேர்த்துவைத்த கெட்ட பெயருக்கு ஒருவழியாக ஒரு வேலை கிடைத்தது.

அதனால் அதே குரலில், அதே கையாட்டலோடு பாலத்தின் கதையையும் சொன்னேன். எதிரி வண்டிகள் வருவதற்குள் தகர்த்துவிட வேண்டும் என்று உத்தரவு. ஒனுவோரா கரைச் சரிவில் வெடித் திரியோடு பதுங்கியிருக்கிறான். அங்கிருந்து அவனுக்கு மேலே எதுவும் தெரியாது. மேட்டில் காவல் நின்றவன் ‘யாருமில்ல’ என்று கத்தினான். இவன் கொளுத்தினான்.

“பாலத்து மேல சனங்க இருந்தாங்க. ஊரைக் காலி பண்ணிட்டு வந்த சனங்க. மூட்டை முடிச்சோட, புள்ளைகுட்டியோட. ஒனுவோராதான் ஆத்துல இறங்கி ஒவ்வொரு தலையா எண்ணினான். நாப்பத்துமூணு.”

“நாலு!” என்றது பந்தல் ஓரம். “மீதி மூணு என்ன தாத்தா, ஆடா?”

கூட்டம் சிரித்து உருண்டது. பிள்ளைகள் பதினொரு பேரில் பத்துப் பேர் சிரித்தார்கள்.

மூத்தவள் ஒபியோமா சிரிக்கவில்லை. முதல் பிடி மண்ணை அள்ளியவள் அதைப் போடாமல் நின்றாள். அந்த வாசலில் முதலில் தொடப்பட்ட தலை அவளுடையது. அவள் உதடுகள் மெல்ல அசைந்தன. பன்னிரண்டு, பதின்மூன்று என்று ஆடுகளுக்குள் போய்க்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

பிறகு மண்ணோடு என்னிடம் வந்தாள். மைக்கைத் தன் கையால் பொத்தினாள்.

“சித்தப்பா, மேட்டுல நின்னது யாரு?”

“புழுதிம்மா. அன்னிக்கு ஒரே புழுதி மூட்டம். அவனுக்குக் கண்ணு தெரியல.”

ஒனுவோரா சாகும்வரை சொன்னது அதைத்தான். நான் கேட்காமலேயே, என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வான்.

அவள் திரும்பிப் போய் மண்ணைப் போட்டாள். மரியாதை வேட்டுகள் வெடித்தன. பந்தலே அதிர்ந்தது.

அன்று புழுதி இல்லை. வானம் அலம்பிவிட்டதுபோல் இருந்தது. தூரத்தில் எதிரி வண்டிகளின் உறுமல் கேட்டது. எனக்கு இருபது வயது. ஓட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. பாலத்தில் எத்தனை பேர் என்று கீழிருந்து ஒனுவோரா கேட்டான்.

வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் நான் குறைத்துச் சொன்னேன்.