எதிர்வீட்டுக்குக் கடல்வழி

ஒரே மேசையில் ஒரு வயரால் இணைந்திருந்த கறுப்பு, வெள்ளை என இரண்டு கணினிகள் நாளெல்லாம் கதை பேசும். பிறகு வெள்ளைக் கணினியை எதிர்வீட்டுக்காரர் வாங்கிப் போனார். இரண்டுக்கும் புதுவகை இணைய முகவரி கிடைத்தது. ஊர் இணைய நிறுவனத்துக்கோ அந்த முகவரிக்கு நேர்வழி தெரியாது. செய்திகளைப் பழைய வகை முகவரி எழுதிய உறைக்குள் திணித்து, அந்த உறையைப் பிரிக்கத் தெரிந்த ஜெர்மனி நிலையத்துக்கு அனுப்பித்தான் எதிர்வீட்டில் சேர்த்தது.

ஒருநாள் கறுப்புக் கணினியின் செய்தி மூச்சிரைக்க வந்தது.

"எதிர்வீட்டிலிருந்து வர இவ்வளவு நேரமா?" என்றது வெள்ளை.

"போகவர கடல் தாண்டினேனே! கறுப்பண்ணனை இன்னிக்கு எடைக்குப் போடறாங்களாம். நம்ம மேசை ஞாபகமிருக்கான்னு கேட்டாரு."

"இருக்குன்னு சொல்லு. அங்கே அவர் பேச்சு உடனே கேட்குமே, அதுவும் ஞாபகமிருக்குன்னு சொல்லு. ஓடு!"

செய்தி ஓடியது. அது ஜெர்மனியில் உறை பிரிக்கக் காத்திருந்தபோது, பழைய வீட்டு வாசலில் கறுப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.