கப்பலில் என்ன குறை

ஷேர் ஆட்டோ கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தைத் தாண்டி வடக்கனந்தல் சாலையில் திரும்பியபோது பச்சையம்மாளின் கைபேசி அடித்தது.

சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினாள். புதிதாக விட்ட சுற்றுலாக் கப்பலில் போன மாதம் குடும்பத்தோடு போய் வந்தீர்களே, பயணம் எப்படி இருந்தது என்று சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

பச்சையம்மாளுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆட்டோ இரைச்சல் வேறு. ஸ்பீக்கரைப் போட்டாள்.

கப்பல் என்றதும் ஆட்டோவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓட்டுநர் பாட்டை நிறுத்தினார்.

பக்கத்தில் அவள் புருஷன் வேடியப்பன், விதைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தார்ப்பாய்க் கிழிசல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து தூறல் விடவில்லை. மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது.

அறை வசதியாக இருந்ததா என்று கேட்டாள் அந்தப் பெண்.

"நல்லாதாம்மா இருந்துச்சு. மெத்தை, கண்ணாடி சன்னல், எல்லாம் இருந்துச்சு. இவருதான் தரையிலயே படுத்துக்கினாரு."

அவ்வளவுதான் சொன்னாள். அவர் கம்பளத்தின் ஓரத்தைப் பிரித்துவிட்டு, அடியில் இருந்த இரும்பில் உள்ளங்கையை வைத்தபடி படுத்திருந்ததைச் சொல்லவில்லை.

சாப்பாடு?

சாம்பாரில் வெல்லம் ஜாஸ்தி என்றாள். யாரோ சிரித்தார்கள். மேஜிக் ஷோ பற்றிக் கேட்டதற்கு, மகள் செவ்வந்தி மட்டும் போய்ப் பாதியில் எழுந்து வந்துவிட்டாள் என்றாள். டிக்கெட் போட்டு, அப்பாவையும் அம்மாவையும் வற்புறுத்தி ஏற்றியது செவ்வந்திதான். ஏறிய பிறகு அவளாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

ஊழியர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்களா என்று அடுத்த கேள்வி வந்தது.

பச்சையம்மாளுக்கு அந்தப் படிக்கட்டு ஞாபகம் வந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் வேடியப்பனைக் காணவில்லை. நீச்சல் குளத்தருகே தேடினார்கள், மேல்தளத்தில் தேடினார்கள். பயணிகள் போகக் கூடாது என்று சங்கிலி கட்டியிருந்த படிக்கட்டில் இறங்கி, கீழே பூட்டிய இரும்புக் கதவுக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். காவலர்கள் இரண்டு பேர் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தார்கள். ஒருவன் அவர் வாயை முகர்ந்து பார்த்தான். குடித்திருக்கவில்லை என்று தெரிந்ததும் அவனுக்கு இன்னும் கோபம் வந்தது. வழி தெரியாமல் போய்விட்டார் என்று செவ்வந்தி அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். சுற்றி நின்ற குடும்பங்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

"அவங்க மேல தப்பு இல்லம்மா," என்றாள் பச்சையம்மாள். "அவங்க வேலைய அவங்க பாத்தாங்க."

எதிரில் கூடையோடு உட்கார்ந்திருந்த குஞ்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை. கத்திரிக்காய் விற்றுவிட்டு ஊர் திரும்புகிறவள். முன்னே சாய்ந்து மெல்லக் கேட்டாள்.

"அக்கா, யாரு இட்டுக்கினு போனது? புள்ளைங்களா?"

"ஆமா. பையனாலதான் போனோம்."

"குடுத்து வெச்சவ நீ. எங்க வூட்லயும் ஒண்ணு கீது, ஏரிக்கரைக்குக்கூட இட்டுக்கினு போவாது."

ஆட்டோவில் எல்லோரும் சிரித்தார்கள். பச்சையம்மாளும் சிரிக்கப் பார்த்தாள்.

கைபேசியில் அந்தப் பெண் கடைசியாக ஒரு கேள்வி என்றாள். கப்பலில் ஏதாவது குறை இருந்ததா? எதையாவது சரிசெய்ய வேண்டுமா?

பச்சையம்மாள் பேச வாயெடுத்தாள். அதற்குள் வேடியப்பன் கையை நீட்டினார். கைபேசியை வாங்கி, வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, கப்பலுக்கு அடியில தண்ணித் தொட்டி கீது. அடுத்த கப்பல் கட்டும்போது, அதுக்குள்ள வெல்டிங் பண்ண எறங்குற புள்ளைங்களுக்கு மொதல்ல காத்து வுடச் சொல்லுங்க. எங்க பையன் சின்னதுரை அதுலதான் மூச்சு முட்டிப் போய்ட்டான்."

குஞ்சம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கைபேசியில் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வேறு பெண்கள் வேறு யாரிடமோ அறை எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டுக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது.

பிறகு அவள், மன்னிச்சுக்குங்க அய்யா, எனக்குத் தெரியாது என்றாள். கொஞ்சம் பொறுத்து, இதைக் கேட்காமல் போனை வைக்க முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். கப்பலுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?

வேடியப்பன் கைபேசியை மனைவியிடம் நீட்டினார்.

பச்சையம்மாள் கைபேசியை வாங்கிக்கொண்டாள்.

"பத்தே போட்டுக்கம்மா," என்றாள். "எம் புள்ள கட்னது."