தெற்குக் கிளைக்கு விலக்கு

"பாண்டிதுரை, மத்த கிளையை எப்படி வேணா கழி. தெக்குக் கிளையில அருவா பட்டுச்சு, ஒரு உசுரு போயிரும்."

மாமரத்தடியில் நின்று சுயம்புலிங்கம் இப்படிச் சொன்னபோது அவருடைய குரல் தழுதழுத்தது. மரத்துக்காக இவ்வளவு உருகிய மனிதரை ராஜபாளையத்தில் பாண்டிதுரை கண்டதில்லை.

உருக்கம் மரத்தின்மீதன்று. மொட்டைமாடிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த அந்தக் கிளையின் பொந்தில், வாரந்தோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் அவர் வாங்கிவரும் பால்கோவாப் பொட்டலம் இருந்தது. சர்க்கரை நோய்க்காரரான அவருக்கு இனிப்பைத் தடைசெய்திருந்தவள் மனைவி ஈஸ்வரி. அகப்பட்டால், காலையில் மட்டும் குடிக்கும் பாகற்காய்ச் சாறு மூன்று வேளையும் வரும்.

பொட்டலம் நாள்தோறும் கொஞ்சம் இளைத்தது. அணிலின் வேலை என்று முடிவுகட்டியிருந்தார். நூல் மட்டும் சில நாள்களில் பூக்கட்டும் முடிச்சில் இருப்பதைக் கண்டு, தம் மறதியை நொந்துகொண்டார்.

மரத்தை மொட்டையடித்துவிட்டுக் கூலி கேட்பவர்கள் மலிந்த காலத்தில், பாண்டிதுரை முறை தெரிந்தவர்.

"அண்ணாச்சி, நெருக்கத்தைக் கழிச்சாத்தான் வெயிலும் காத்தும் உள்ள எறங்கும். அடுத்த வருசம் காய் பிடிக்கும். இந்தக் கிளை சுவத்துல உரசுது, பொந்து வேற. மழைக்கு ஒடிஞ்சு விழுந்தா என்ன செய்வீய?"

அந்நேரம் பார்த்து ஈஸ்வரி வெளியே வந்தாள்.

"அதுல அணில் குடியிருக்கு தம்பி. பாவம், இருந்துட்டுப் போகட்டும்."

சுயம்புலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு இளகிய மனத்தையா முப்பது ஆண்டுகளாகக் கல் என்று எண்ணியிருந்தோம்?

"சரிக்கா. நுனியை மட்டும் கழிச்சு பாரத்தைக் கொறைக்கேன்" என்றார் பாண்டிதுரை.

கவாத்து முடிந்தது. ஈஸ்வரி உறங்கியிருப்பாள் என்று நம்பி, பிற்பகலில் சுயம்புலிங்கம் பூனைபோல் மாடியேறினார்.

நேற்றுவரை இலைகள் அடைத்திருந்த மூலையில் வெயில் நேராக இறங்கியிருந்தது. அந்த வெளிச்சத்தின் நடுவே நின்றாள் ஈஸ்வரி. ஒரு கை பொந்துக்குள் இருந்தது. ஒரு கன்னம் உப்பியிருந்தது.

அவள் பதறவில்லை. நிதானமாக விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"போன வாரம் வாங்கினதுதாங்க நல்லாருந்துச்சு."