மிக எளிய குழந்தைச் சட்டை

“கேட்டா, நான்தான் தைச்சேன்னு சொல்லு. அதோட நிறுத்திக்கோ. கூடக் கூடப் பேசி மாட்டிக்காதே” என்று பதிப்பக வாசலில் பையை அக்காவின் கையில் திணித்தாள் தங்கை.

பைக்குள் கைக்குழந்தைச் சட்டை ஒன்று. தங்கை தைத்தது. எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று கண்டுபிடிக்கவே பூதக்கண்ணாடி வேண்டும். அத்தனை சுத்தம்.

“எனக்கு பட்டன் வைக்கக்கூட வராதுடி. தைச்சுக் காட்டணும்னு விளம்பரத்துலயே போட்டிருக்கான்!”

“புத்தகம் தருவாங்கல்ல, அதைப் பார்த்துத் தை. புத்தகம் பார்த்து நீ சமைக்கலையா?”

“அதைச் சாப்பிட்டவங்களைக் கேளு, சொல்லுவாங்க.”

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வருடம் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவள். நான்கு மாதத்துக்கு முன்பு அவள் நாற்காலி இருந்த இடத்தில் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். ‘சில்லறை இல்லை’ என்று அது யார்மீதும் எரிந்து விழாது. அதைத் தவிர அதனிடம் தனித் திறமை எதையும் அவள் காணவில்லை. அன்றிலிருந்து ஏறி இறங்கிய அலுவலகங்களில் இது பதினேழாவது. தங்கை வீட்டு மாடி அறையில் எத்தனை நாள்தான் விருந்தாளியாகவே இருப்பது? தங்கை முகம் சுளிக்கவில்லை. அதுதான் அக்காவை இன்னும் அரித்தது.

நேர்காணல் அறைக் கதவு திறந்தது. கொதித்துக்கொண்டு வெளியே வந்தார் ஓர் அம்மாள்.

“இருபது வருஷமா கடை வெச்சுத் தைக்கிறேன். புத்தகத்தைத் தொடக்கூட இல்லை, முக்கால் மணியில முடிச்சுக் கையில கொடுத்தேன். எனக்கே இல்லைன்னுட்டாங்க!”

அக்கா வாசல் பக்கம் திரும்பினாள். தங்கை அவள் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினாள்.

அறையில் ஒரு மேஜை, துணி, கத்தரிக்கோல், ஊசி, நூல். மூலையில் நரைத்த தலையோடு முதலாளியம்மா நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். நடுநாயகமாகப் பதிப்பாசிரியர். டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாட்டுவதுபோல் கழுத்தில் இஞ்சு டேப். அந்த நிறுவனத்தின் பதினான்கு தையல் புத்தகங்களையும் எழுதிய கை அவருடையது. அந்தக் கையில் ஊசி குத்திய தடம் ஒன்றுகூட இல்லை.

“மனித குலத்தையே நான் மூணாப் பிரிச்சிருக்கேன்” என்றார். “தொடக்க நிலை, இடைநிலை, வல்லுநர் நிலை. நீங்க எதுல வர்றீங்க?”

அக்கா பையை நீட்டினாள். “நான்தான் தைச்சேன்.” அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அவர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வல்லுநர்!”

மூலையில் முதலாளியம்மா பெருமூச்சு விட்டார்.

“அப்போ இதெல்லாம் உங்களுக்குத் தூசு” என்று பதிப்பாசிரியர் ஒரு புத்தகத்தை விரித்து வைத்தார். “மிக எளிய குழந்தைச் சட்டை. தொடக்க நிலை. ஊசியைக் கண்ணால பார்க்காதவங்களும் ஒரு மணி நேரத்துல முடிக்கலாம்னு நானே எழுதியிருக்கேன்.”

அக்கா படித்தாள். ‘துணியின் மனப்போக்கை அறிந்து வெட்டவும்.’ துணியை உற்றுப் பார்த்தாள். அது வாயைத் திறக்கவில்லை. ‘தையலுக்குத் தேவையான இடம் விடவும்.’ எவ்வளவு தேவை என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் இடையிலான ரகசியம். ‘முன்பு செய்தது போலவே கைகளையும் இணைக்கவும்.’ முன்பு என்ன செய்தோம் என்று பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். ஒன்றும் செய்திருக்கவில்லை.

“சார், இந்தப் படத்துல கோட்டு மேல வெட்டணுமா, புள்ளி மேல வெட்டணுமா?”

“அதையெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தா அப்புறம் எதுக்கும்மா புத்தகம்?”

அவள் தயங்கி நின்றபோதெல்லாம் மூலையில் பென்சில் ஓடியது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஊசி இரண்டு முறை துணியை விட்டுவிட்டு அவளைத் தைத்தது.

இரண்டரை மணி நேரம் கழித்துச் சட்டை பிறந்தது. இரண்டு கைகளும் ஒரே பக்கம். கழுத்து சுத்தமாக மூடியிருந்தது. அதற்குள் போன எந்தக் குழந்தையும் உலகத்தைப் பார்க்க முடியாது.

முதலாளியம்மா எழுந்து வந்தார். “நீங்க கொண்டுவந்த சட்டை யார் தைச்சது?”

கை சரியில்லை, கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று இரண்டு பொய்கள் அக்காவின் நாக்கு நுனியில் வரிசையில் நின்றன.

“என் தங்கச்சிம்மா. எனக்கு இதுல ஆனா ஆவன்னா தெரியாது. வேலை கிடைக்கணுமேன்னு பொய் சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு, புத்தகத்துல எழுதினதைத்தான் செஞ்சேன். ஒரு வரி தாண்டலை.”

பதிப்பாசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். “இவங்களுக்காக நாலாவதா ஒரு நிலை கண்டுபிடிக்கணும்!”

அக்கா காலிப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பதினெட்டாவது அலுவலகம் எந்தத் தெருவில் என்று யோசனை ஓடியது.

“உட்காருங்க” என்ற முதலாளியம்மா, நோட்டைப் பதிப்பாசிரியர் பக்கம் தள்ளினார். “பதினோரு இடத்துல திணறியிருக்காங்க. பதினொண்ணையும் நீங்க திருத்தி எழுதணும்.”

பிறகு அக்காவிடம் திரும்பினார். “தொடக்க நிலைன்னு அட்டையில போடறதுக்கு முன்னாடி, ஒண்ணுமே தெரியாத ஒருத்தர் தைச்சுப் பார்க்கணும், அதுக்குத்தான் இந்த வாரம் முழுக்க ஆள் தேடறேன். நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க, ஆனா ஒண்ணு, தப்பித் தவறித் தையல் கத்துக்கிட்டீங்கன்னா அன்னிக்கே உங்க வேலை போயிடும்!”