ஜாடியில் இருந்தது

அண்ணனின் சிறுநீரை அளப்பதற்காக நர்ஸ் கட்டிலடியில் சேர்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் ஜாடியை என் கால் தட்டிவிடுகிறது. வார்டே திரும்பிப் பார்க்கிறது. ஆம்பூர் தோல் ஷெட்டில் ஈரத் தோல்களை இழுத்து இழுத்தே உரமேறிய தொடைகள் அண்ணனுக்கு. போன வாரம் பாத்ரூமில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் விடியும்வரை சிமென்ட் தரையில் கிடந்ததில் அந்தச் சதை சிதைந்து, ரத்தத்தில் கலந்து, கிட்னியை அடைத்துவிட்டதாம். இந்த வயதில் கிட்னி மீளுமா என்று டாக்டரைக் கேட்டால், "பாக்கலாம்" என்கிறார். மருந்துக் கடைக்காரரையும் நான் விடவில்லை. அவரும் பாக்கலாம்தான். சாயங்கால வெயில் ஜன்னல் வழியே வந்து அண்ணனின் வீங்கிய பாதத்தில் படுத்திருக்கிறது. மேலே ஃபேன் முனகிக்கொண்டே சுற்றுகிறது. "உன்ன ஷெட்டு வேலைக்கி இட்டுனு போகாதது நல்லதாப் போச்சுடா," என்கிறார் அண்ணன், கண்ணைத் திறக்காமலே. நான் குனிந்து, தரையில் கொட்டியதைத் தோள் துண்டால் துடைக்கிறேன். பால் ஊற்றாத டீயின் நிறம். துண்டின் ஒரு மூலையிலேயே அத்தனையும் ஏறிவிடுகிறது. என் கைத்திறமைதான் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது. நர்ஸ் நிஷா வந்து நிற்கிறார்.

"அளக்கறதுக்குள்ள கொட்டிட்டேம்மா. இப்ப எவ்ளோன்னு எழுதுவீங்க?"

அவர் தரையைப் பார்க்கவில்லை. என் கையிலிருக்கும் துண்டின் மூலையைப் பார்க்கிறார். குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.

"காலைலேர்ந்து வந்ததே இவ்ளோதான் சார். கிட்னி வேலை செய்யல. இன்னைக்கே டயாலிசிஸ் போட்டாகணும்."