பிசினில் ஓடிய பச்சை

பிசின் கட்டியை உடைத்தாள். நடுவில் பச்சை ஓடியது.

மெல்லிய ஒரு கீற்று.

இதில் பழுப்பைப் பார்த்திருக்கிறாள். கறுப்பைப் பார்த்திருக்கிறாள். பலாப் பிசின் கூடினால் வரும் மஞ்சளையும்.

பச்சையாக எந்த மரமும் கசிவதில்லை.

முகர்ந்தாள். பெயிண்ட்.

மார்த்தாண்டம் பக்கம் அவள் வீட்டுச் சுவரில் தொங்கும் மண்பானையில் கொசுத்தேனீக்கள் இருக்கின்றன. மரம் மரமாகப் பிசின் சேர்த்துக் கூட்டின் இடுக்குகளை அடைப்பவை. அந்தப் பிசினில் என்னென்ன கலந்திருக்கிறது, எந்தக் கிருமிகளை அது கொல்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அம்மா சுரண்டி எடுத்து மதுரை ஆய்வகத்துக்குப் பஸ்ஸில் அனுப்புவாள்.

போன மாதத்துத் துண்டின் சாறு கண்ணாடித் தட்டில் இருந்தது. அதைச் சுற்றித் தெளிந்த ஒரு வட்டம். எந்தக் கிருமியும் நெருங்கியிருக்கவில்லை.

பக்கத்து மேஜை பெனிட்டா எட்டிப் பார்த்தாள். இது கெட்டுவிட்டது, தூக்கிப் போடு என்றாள். ஈரப் பெயிண்ட் கிடைத்தால் உன் ஈக்களுக்கு மரம் எதற்கு என்று சிரித்தாள்.

அவள் தூக்கிப் போடவில்லை.

கொசுத்தேனீ வெகுதூரம் பறக்காது. அது போய்த் திரும்பும் தூரத்தில் இரண்டே வீடுகள்.

ஒன்று அவளுடையது.

மற்றது ரப்பர் மரங்களுக்கு அப்பால், அவன் பூட்டிவிட்டுப் போனது. கிளிப்பச்சை ஜன்னல்கள்.

மஸ்கட் கிளம்பிய அன்று சொன்னான், திரும்பி வந்து வீட்டைத் திறந்ததும் முதலில் அவள் அம்மாவிடம்தான் வருவேன் என்று. வந்து பெண் கேட்பேன் என்று.

பிறகு போன் குறைந்தது.

பிறகு நின்றது.

இனி அவன் பேச்சு இந்த வீட்டில் வேண்டாம் என்றாள் அம்மா. அன்றிலிருந்து இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விற்பதற்கு முன்னாலும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். வேறொருத்தியைக் கூட்டி வருவதற்கு முன்னாலும்.

அம்மாவை அழைத்தாள். மழையைப் பற்றிக் கேட்டாள். அம்மாவின் கால்வலியைப் பற்றிக் கேட்டாள். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை.

கடைசியில், பானையின் வாயில் ஈக்கள் இன்று புதிதாக என்ன நிறத்தை ஒட்டியிருக்கின்றன, போய்ப் பார்த்துச் சொல்லேன் என்றாள்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

செருப்புச் சத்தம் கேட்கவில்லை. கதவுச் சத்தம் கேட்கவில்லை. அம்மா எழுந்திருக்கவே இல்லை.

மூச்சு மட்டும் கேட்டது.

"பச்ச இருக்கது தெரிஞ்சுதான் அனுப்புனேன் மக்ளே."

அவள் பச்சைக் கீற்றின் மேல் விரலை வைத்தாள்.

"வந்து கேட்டுட்டுப் போனான். லீவு கெடைக்குமா?" என்றாள் அம்மா.