பாட்டனாரின் நாற்காலி

ஒரு குடும்பத்தின் பெருமை அதன் நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருக்கிறது என்பது மாசிலாமணியின் கொள்கை. அவர் வீட்டில் இருந்தவை ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் எங்காவது ஒரு ஜமீன் பரம்பரையை வாங்கியாக வேண்டும். ஏழாவது பழம்பொருள் கடையில் கால் ஓய்ந்து, கைவைத்த நாற்காலி ஒன்றில் சரிந்தார்.

"அசல் ஈட்டி மரம்ங்க. தட்டிப் பாருங்க, நூறு வருஷம் பேசும்," என்றார் கடைக்காரர்.

மாசிலாமணி தட்டினார், முகர்ந்தார், நிபுணர் போலத் தலையாட்டினார். குனிந்து பார்க்க மட்டும் தெம்பில்லை.

"எடுத்துத் தொலைங்க, எனக்கு இடுப்பே போச்சு," என்றாள் மனைவி செண்பகம்.

ஞாயிறன்று மாப்பிள்ளையின் அப்பாவை அதில் உட்கார வைத்து, "எங்க பாட்டனார் இதுல உட்கார்ந்துதாங்க தீர்ப்பு சொல்வாரு," என்றார்.

வந்தவர் முப்பது வருடம் அரசு அலுவலகங்களில் மேசை நாற்காலிகளைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றவர். பழக்க தோஷம், எழுந்து நாற்காலியைக் கவிழ்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "பாட்டனாருக்கு எந்த செக்‌ஷனுங்க?"

அடியில் வெள்ளைப் பெயின்டில் 'தாலுகா ஆபீஸ், நாற்காலி எண் 47' என்று எழுதியிருந்தது.